கெய்ரோ... ஒரு மொட்டை மாடி டூர்!

இந்த வாரம் உங்களை கெய்ரோவுக்குக் கூட்டிட்டுப் போறேன். என்கிட்ட பாஸ்போர்ட் கிடையாது. அதனால் பிரமிடு, ஒட்டகச் சவாரி எல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஒரு நாவல், ஒரு சினிமா வழியா ஒரே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போறோம், அவ்வளவுதான்!

தலாத் ஹர்ப் தெருவில் இருக்கிறது யாக்கூபியன் பில்டிங். ஆர்மீனியப் பணக்காரர் ஒருவர் கட்டியது. அங்கே பல் கிளினிக் வைத்திருந்த டாக்டர் அலா அல் அஸ்வானி, கட்டடத்தின் பெயரிலேயே 2002-ல் ஒரு நாவல் எழுதினார். 2006-ல் அதைப் படமாக்கினார் மர்வான் ஹாமித். அரபு சினிமாவின் சூப்பர் ஸ்டார் ஆதில் இமாம் நடிக்க, செம ஹிட்!

நாவல் காட்டும் மாடிதான் மேட்டரே. ஃபிளாட்டுக்கு ஒன்றாக, தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்க சின்னச் சின்ன இரும்பு ரூம்கள். 1952-ல் ராணுவம் மன்னராட்சியைக் கவிழ்த்ததும், கீழே குடியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் கிளம்ப, ராணுவ ஆபீஸர்கள் வந்தார்கள். வேலைக்காரர்கள் மாடிக்கு! எழுபதுகளில் வசதியானவங்க புது ஏரியாக்களுக்குப் போயிட, பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் இரும்பு ரூம்களில் குடியேறின. கீழே கிளினிக், ஆபீஸ்... மேலே ஒரு கிராமம்!

அந்த மாடியில் வளர்ந்தவன் தாஹா. வாட்ச்மேன் மகன். பயங்கரப் படிப்பாளி. போலீஸ் ஆபீஸர் ஆகணும்கிறதுதான் கனவு. இன்டர்வியூவில் கடைசியா ஒரு கேள்வி... 'அப்பா என்ன பண்றார்?' அதோட கதை முடிஞ்சது. ஜனாதிபதிக்குப் புகார் எழுதுறான். விசாரிச்சோம், உண்மை இல்லைன்னு பதில் வருது. (எங்கப்பா லாரி டிரைவர். அந்த ஸீனை நிறுத்தி வெச்சுட்டு ஹாஸ்டல் வராண்டாவில் கொஞ்ச நேரம் நடந்தேன். அடுத்த செமஸ்டர் எங்களுக்கு பிளேஸ்மென்ட்!)

அப்புறம் தாஹா காலேஜ் போகிறான், போராட்டத்தில் இறங்குகிறான், கைதாகிறான். லாக்கப் சித்ரவதை அவன் கையில் துப்பாக்கியைத் திணிக்கிறது. அவன் எடுத்த முடிவை என்னால ஏத்துக்க முடியலை. ஆனா, எங்கே ஆரம்பிச்சு அங்கே போனான்னு புரியுது. 'மதவெறி'ன்னு ஒரே வார்த்தையில் சொல்லிட்டுப் போயிட முடியாது பாஸ்.

இதே கோபம் யூசுஃப் ஷாஹீனின் கடைசிப் படமான 'ஹியா ஃபௌதா'விலும் (2007) உண்டு. ஏரியாவையே ஆட்டிப் படைக்கிற ஒரு போலீஸ்காரன். கிளைமாக்ஸில் ஜனங்க ஸ்டேஷனுக்குள்ளேயே புகுந்துடறாங்க. ரொம்ப ஓவர் சினிமாவா இருக்கேங்கறீங்களா? 2011 ஜனவரி 25... நிஜமாவே ஜனம் தெருவுக்கு வந்தது. எகிப்தில் அன்னிக்கு என்ன நாள் தெரியுமா? போலீஸ் தினம்! மூணு நாள் கழிச்சு பல ஸ்டேஷன்கள் எரிஞ்சன.

தலாத் ஹர்ப் தெருவிலேயே நடந்தால் தஹ்ரீர் சதுக்கம் வந்துடும். அங்கே கேட்ட கோஷம், 'ரொட்டி, விடுதலை, சமூக நீதி'. ரொட்டிக்கு எகிப்தியர்கள் சொல்ற 'ஐஷ்'ங்கிற வார்த்தைக்கு வாழ்க்கைன்னும் அர்த்தம்! 18 நாளில் முபாரக் அவுட். 2013-ல் ஆட்சி மறுபடி ராணுவத்தின் கைக்கே போச்சு. புரட்சி பற்றி அஸ்வானி 2018-ல் எழுதிய நாவலுக்கு எகிப்தில் தடை.

யாக்கூபியன் படம் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடும். எக்ஸாம் முடிஞ்சதும் பாருங்க. ஹாஸ்டல் கும்பலோட மட்டும் உட்காராதீங்க... கமென்ட் அடிச்சே கொன்னுடுவாங்க!