தலைப்பு இல்லாத கோட்டை

பாஞ்சாலங்குறிச்சியில் இருந்துகொண்டே பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிய ஓர் இணையப் பக்கத்தை வாசிக்க உட்கார்ந்தேன். வாசிப்பது நான் அல்ல; 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ என்கிற இலவசத் திரைவாசிப்பான். மவுஸ் எனக்கு உபயோகமில்லை. எச் விசையைத் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். தட்டினேன். அடுத்த தலைப்பு இல்லை என்றது. பார்ப்பவர்களுக்குப் பெரிய எழுத்தில் நாலைந்து தலைப்பு தெரிகிறதாம். தலைப்பென்று குறியிடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் விசைக்கு அது தெரியாது. ஜி தட்டினேன். 'படம்' என்றது. அவ்வளவுதான், விவரம் எழுதவில்லை.

1801இல் கும்பெனிப் படை கோட்டையைத் தரைமட்டமாக்கியது. 1974இல் அரசு கட்டிய நினைவுக்கோட்டையின் சுவரை நான் கையால் தடவி அறிவேன். படத்தில் இருப்பது அதுதானா?

ஊமைத்துரை சைகையாலேயே படை நடத்தினார் என்பார்கள் ஊரில். என் இயந்திரத்துக்குக் குரல் இருக்கிறது. சொல்லத்தான் யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.