மே மாதப் பூவுக்கு ஜனவரி வேலை

ஊட்டிக்கு மே மாதம் வருகிறவர்கள் பூக்களைப் பார்க்கிறார்கள். அந்தப் பூக்களுக்கான வேலை நடப்பது டிசம்பரிலும் ஜனவரியிலும். அப்போது வீட்டுத் தோட்டங்களில் ரசிக்க ஒன்றும் இருக்காது. மிலார் செடிகளால் மூடிய பாத்திகள், கருகிப்போன டேலியாத் தண்டுகள், கவாத்துக்குக் காத்திருக்கும் ரோஜாக்கள், அவ்வளவுதான். அந்த நாட்களில் தோட்டக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஜனவரியில் ஊட்டியின் காந்தல் பக்கம் ஒரு பழைய பங்களாவின் தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அறுபது வயது இருக்கும். அவரோடு ஓர் அக்கா வேலை செய்கிறார். நான் போய்ச் சேர்ந்த சாயங்காலம் இருவரும் மிலார்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும் அந்தக் குச்சிச் செடியைத்தான் அரசு தாவரவியல் பூங்காவிலும் பனிக்கு எதிராக மலர்ப் பாத்திகளின் மேல் போர்த்துகிறார்கள்.

பெரியவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். “ஒரு மேகங்கூட இல்ல சார். காத்தும் அடங்கிடுச்சு. இன்னிக்கு விழும்.”

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மேகம் இருந்தால் தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். வானம் தெளிந்திருந்தால் அது மேலே போய்விடும். காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் போய்ச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் குதிரைப்பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி அதிகம். மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அதே இரவில் தப்பித்துவிடுவார். காற்றின் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி என்று காட்டும்போதே புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும்.

மிலாரை அவர்கள் செடியின்மேல் அப்படியே போடவில்லை. முதலில் குச்சிகளைக் கூரைபோல நட்டு, அதன்மேல் பரப்பினார்கள். இலையில் படாமல் இடைவெளி இருந்தால்தான் மண்ணிலிருந்து வரும் சூடு உள்ளே நிற்கும். பிளாஸ்டிக் தாளை இலைமேல் போர்த்தினால் தாள் தொடும் இடமெல்லாம் கருகும். போர்த்துவதற்கு முன் மண்ணை ஈரமாக்கியிருந்தார்கள். ஈரமண் பகல் வெயிலின் சூட்டை அதிகம் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும்.

மறுநாள் விடியலில் புல்வெளி முழுக்க வெள்ளையாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் பூவாளியால் தண்ணீர் தெளித்து இலைகளில் இருந்த பனியைக் கரைத்தார் அக்கா. விரல் நுனிகள் சிவந்து விறைத்திருந்தன. கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். “நனைஞ்சா இன்னும் குளிரும். அதைப் போட்டுக்கிட்டு நாத்தைப் பிடிச்சா நசுங்கிடும் சார்” என்றார். மே மாதப் பூவின் விலையில் இந்த விரல்களின் வலியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஜெரேனியம் ஒன்றில் மேல் இலைகள் வெந்ததுபோல் கிடந்தன. வெட்டிவிடலாமே என்றேன். பெரியவர் தடுத்தார். “அது கெடக்கட்டும். செத்த இலைதான் கீழ இருக்கற மொட்டுக்குப் போர்வை. பனி முடியட்டும், எடுத்துடலாம்.” அந்தத் தோட்டத்தில் நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. பனிக்காலத்தில் தோட்டக்காரரின் திறமை, எதை எப்போது செய்யக் கூடாது என்று அறிந்திருப்பதில் இருக்கிறது.

ரோஜாவின் கவாத்து அதற்கு நல்ல சான்று. மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை நினைவுகூர 1995இல் அமைத்த ஊட்டி ரோஜாப் பூங்காவில் ஜனவரியில் கவாத்து செய்கிறார்கள். ஏப்ரலில் பூ வருகிறது. வெட்டிய செடி உடனே துளிர்க்கத் தொடங்கும். டிசம்பரில் அவசரப்பட்டு வெட்டினால் இளந்துளிர் பனியில் கருகி, செடி சேர்த்துவைத்த சத்து வீணாகும். பள்ளத்துத் தோட்டம் என்பதால் பெரியவர் இன்னும் தள்ளிப்போட்டு, மாதக் கடைசியில்தான் கத்தரியை எடுக்கிறார். எனக்காக மேட்டு ஓரத்துச் செடி ஒன்றை மட்டும் வெட்டிக் காட்டினார். காய்ந்த கிளை, நோய்ப்பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை என்று வரிசையாகப் போயின. மிச்சமிருந்த கிளைகளில் வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் வழிந்துவிடும்படி சாய்வாக வெட்டினார். உள்பக்க மொட்டை விட்டால் கிளைகள் நடுவில் நெருங்கிக் காற்றோட்டம் போய்விடும்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்பது அதன் அளவு. அவர் தேவைக்குக் கொஞ்சமாகப் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்தார். இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கிவிட்டு, தீட்டிய கத்தியை முக்கி எடுத்தார். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். படியவில்லை.

மண்ணுக்கும் இதே பொறுமைதான். நீலகிரி மண் புளிப்பானது. பாத்தியைக் கொத்திச் சுண்ணாம்பைத் தூவி, சில வாரங்கள் விட்டுவிட்டுத்தான் தொழுவுரமும் இலைமட்கும் இடுகிறார்கள். சுண்ணாம்பையும் தொழுவுரத்தையும் ஒன்றாகப் போட்டால் உரத்தின் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். பனிக்காலத்தில் தழைச்சத்து உரம் எதுவும் கிடையாது. இளந்தண்டு தளதளவென்று வளர்ந்தால் அடுத்த பனிக்கு அதுதான் முதல் பலி.

கொட்டகைக்குள் வேறோர் உலகம் இருந்தது. செம்மண், மணல், இலைமட்கு சமமாகச் சலித்துக் கலந்த நாற்றுத் தட்டுகள். பெட்டுனியா விதை தூசியைப்போல இருக்கும். மணலோடு கலந்து மேலாகத் தூவினார் அக்கா. அது முளைக்க வெளிச்சம் வேண்டும், மூடக் கூடாது. பேன்சிக்கு இருட்டு பிடிக்கும், மண்ணால் மூட வேண்டும். இரண்டு தட்டுக்கும் மேலிருந்து தண்ணீர் ஊற்றாமல், தண்ணீர் நிற்கும் தட்டத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டார். மேலே ஈரம் தேங்கினால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் தட்டு முழுவதும் சாய்ந்துவிடும். மூலையில் காய்ந்த மணலுக்குள் டேலியாக் கிழங்குகள். கழுத்துப் பகுதியில் கண் இல்லாத கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது என்று, பிரிக்கும்போது கத்தி வைக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார் பெரியவர்.

ஊட்டித் தோட்டக்கலையின் வரலாற்றைச் சொல்லும்போது, கியூ தோட்டத்திலிருந்து 1848இல் வந்து தாவரவியல் பூங்காவை வடிவமைத்த மக்ஐவரின் பெயரைச் சொல்வோம். முதல் மலர்க் கண்காட்சி 1896இல் நடந்ததைச் சொல்வோம். அந்தப் பூங்காவின் சரிவைத் தட்டாக்கி மண் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. கோடை விழாவையொட்டி வீட்டுத் தோட்டங்களுக்கும் போட்டி நடக்கிறது. இந்த பங்களாவின் வரவேற்பறையிலும் கோப்பைகள் இருக்கின்றன. அவற்றில் உரிமையாளரின் பெயர் இருக்கிறது. பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “அவங்க எடம், அவங்க காசு. பேரு அவங்களுதுதானே” என்றார். அக்கா பேசாமல் இருக்கவில்லை. “ஏண்ணே, பூ பூத்தது அவங்க காசுலயா, உங்க கையிலயா?” என்று கேட்டார்.

நான் அக்காவின் பக்கம். இடமும் விதையும் வாங்கிவிடலாம். வானத்தைப் பார்த்து இன்று பனி விழும் என்று சொல்லும் அறிவை வாங்க முடியாது. அது பல பனிக்காலங்கள் வேலை செய்து சேர்த்தது. சொல்லித் தராமல் போனால் பெரியவரோடு முடிந்துவிடும். தோட்டப் போட்டிகளின் சான்றிதழில் உரிமையாளர் பெயருக்குக் கீழே தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களும் அச்சாக வேண்டும். தோட்டம் வைத்திருப்பவர்கள் ஜனவரிக் கூலியை, பூ இல்லாத மாதம்தானே என்று குறைத்துப் பேசாமல், மே மாதக் கூலியைவிட ஒரு படி கூட்டித் தர வேண்டும். கடினமான வேலையும் நுட்பமான வேலையும் நடப்பது அந்த மாதத்தில்தான்.