கேட்க ஓர் இடம்

பள்ளியில் மதம் கற்பிக்கலாமா என்ற வாதம் நம் நாட்டில் ஓய்வதே இல்லை. யாரைக் கேட்டுக் கற்பிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

2009இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என் போன்றவர்களுக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மும்பையில் என் மகன் படித்த மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது அந்தப் பாதிக் கணக்கில்தான். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, கிச்சடியில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்பது போன்ற புகார்களே எங்கள் கூட்டங்களில் அதிகம்.

ஒரு கூட்டத்தில் மதமும் வந்தது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 28வது பிரிவு. எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு வகுப்பு கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜை உண்டு. "என் பொண்ணு அன்னிக்கு வரிசையில நிக்கணுமா டீச்சர்?" என்று ஒரு முஸ்லிம் தாய் கேட்டார். அறையில் சற்று நேரம் மௌனம். "வேண்டாம்மா, விருப்பப்பட்டவங்க நின்னா போதும்" என்றார் தலைமையாசிரியை. அவ்வளவுதான். யார் மனமும் புண்படவில்லை. கேட்க ஓர் இடம் இருந்தது, கேட்டார்.

என் தங்கைக்கு அந்த இடம் இல்லை. அவள் மகள் படித்தது அரசு உதவி பெறும் ஒரு சிறுபான்மையினர் பள்ளியில். கண்டிப்பான பள்ளி, நல்ல ஆங்கிலம். பாட அட்டவணையில் மத போதனையும் இருந்தது. உதவி பெறும் பள்ளியில் அது தவறல்ல. ஆனால் பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளையை அதில் உட்காரச் சொல்லக் கூடாது என்பதும் அதே 28வது பிரிவுதான். சம்மதம் கேட்டு ஒரு தாள்கூட வீட்டுக்கு வரவில்லை. "நீ போய்க் கேளேன்" என்றேன். "யார்கிட்டக்கா கேக்கறது? டி.சி.யைக் கையில குடுத்துட்டா?" என்றாள்.

அவள் பயத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 2012இல் வந்த திருத்தம், சிறுபான்மையினர் பள்ளிகளின் குழுவை ஆலோசனை சொல்வதோடு நிறுத்தியது. மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் சட்டத்துக்கு வெளியே வைத்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து, விஷயத்தைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது.

சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமை, 30வது பிரிவு தந்த உரிமை. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் நிர்வாகத்தின் உரிமை வேறு, பெற்றோரின் உரிமை வேறு. உத்தரப் பிரதேச மதரஸா சட்டத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. உயர் பட்டங்கள் தொடர்பான பகுதி நீங்கலாக நவம்பரில் அதற்கு உயிர் கொடுத்த உச்ச நீதிமன்றம், கல்வித் தரத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், மத போதனையை யார் மீதும் திணிக்கக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி, அதன் கீழே பெற்றோரின் கையெழுத்து. ஆண்டுக்கு இரண்டு முறை பெற்றோர் உட்கார்ந்து பேச ஒரு கூட்டம். எந்த மதத்தார் நடத்தும் பள்ளியானாலும் இவற்றால் அதன் அடையாளம் கெட்டுவிடாது. அம்மாக்கள் பயமில்லாமல் வாய் திறப்பார்கள்.