சென்னையில் ஒரு சுதந்திர தினம்

அந்நிய நகரொன்றின் தேசிய விழாவைக் காண்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. நம்மிடம் எவரும் சந்தா கேட்பதில்லை. வரவேற்புரை நிகழ்த்தும்படி மேடைக்கு அழைப்பதுமில்லை. வேடிக்கை பார்ப்பதொன்றே நமது கடமை. ஆனால், ரம்புக்கனை றப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குச் சென்னை அந்நிய நகரந்தானா என்று நேயர்கள் வினவக்கூடும். 2024 ஆகஸ்டில் அங்கே விமானத்தினின்று இறங்கிய என்னை, கடவுச்சீட்டைக் கண்ட அதிகாரி வெளிநாட்டார் வரிசைக்கே அனுப்பினார். அவர் சொன்னதும் தமிழில். நான் 'சரி ஐயா' என்றதும் தமிழில்.

விழாவுக்கு முந்திய இரவே நகரம் கோலாகலம் பூண்டிருந்தது. ரிப்பன் மாளிகையும் சென்ட்ரல் புகைவண்டி நிலையமும் மூவர்ண ஒளியில் மிதந்தன. சந்திகளில் வண்டிகள் நிற்குந்தோறும் சிறுவர்கள் காகிதக் கொடிகளோடு ஓடிவந்தனர்.

15ஆந் திகதி காலை, புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே ஜனத்திரளில் நின்றேன். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1640 அளவில் எழுப்பத் தொடங்கிய கோட்டை அது. முன்னாளில் சுதந்திர தினத்தன்றும் ஆளுநரே கொடியேற்றி வந்தார். மாநில முதலமைச்சருக்கு அவ்வுரிமை வேண்டுமெனக் கலைஞர் கருணாநிதி வாதாடிப் பெற்றது 1974இல். காவற்படையின் அணிவகுப்பு வெகு நேர்த்தி. துணிவுமிக்க பெண்மணிக்கென கல்பனா சாவ்லா பெயரால் வழங்கும் விருதும் உண்டு. பேச்சு சற்று நீளம். எந்நாட்டிலும் அப்படித்தான் போலும்.

என் அருகில் நின்றவர் சித்தப்பா. அவரைக் காணவே நான் கடல் கடந்தேன்.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டது 1974இல். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு நுழைந்தது. தந்தையார் இலங்கைக்கு மனுச் செய்தார், தம்பியார் இந்தியாவுக்கு. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் சென்றவர்களின் வண்டிகள் கடுகண்ணாவ மலையிறங்கி, ரம்புக்கனையைக் கடந்தே பொல்காவலை சேரும். அவற்றுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். 1973இல் சித்தப்பா எங்கள் நிலையத்தில் வண்டியேறுகையில் அவருக்கு 24 வயது, எனக்கு ஒன்பது.

தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் அவர் உழைத்தார். பால் வெட்டிய கை கொழுந்தெடுக்கப் பழக ஓராண்டாயிற்றாம். இப்பொழுது மகனோடு சென்னை வாசம்.

நண்பகலில் கோயிலொன்றின் சுதந்திர தினப் பொதுவிருந்துக்கு அழைத்துச் சென்றார். பலரும் ஒரே பந்தியில் அமரும் இவ்வழக்கம் மிக நன்று. நம்மூர்க் கோயில்களும் பெப்ரவரி 4இல் இதனை மேற்கொள்ளலாம். அங்கே பேத்தி சித்தப்பாவின் சட்டையில் கொடி குத்தினாள். மற்றொரு கொடியை ஏந்தி, "பெரியப்பா, உங்களுக்கு?" என்றாள். நான் தயங்கினேன்.

"குத்தும்மா. வந்த விருந்தாளிக்குக் குத்தினா தப்பில்ல," என்றார் சித்தப்பா. என் அப்பாவின் உடன்பிறந்தவர் வாயில் 'விருந்தாளி' என்ற சொல்! பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் அவர் கேள்விகள் நிற்கவில்லை. ரம்புக்கனையில் கோச்சிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுகிறார்களா? அது நீராவிக் காலத்து வழக்கம் என்றேன். பின்னவலையில் 1975இல் அமைந்த யானைகள் காப்பகத்தைப் பற்றிப் பேத்தி மூலமே அறிந்திருந்தார். "நாலாந் திகதிக்குப் பாற்சோறு குடுக்கிறாங்களா?" என்றார். "குடுக்கிறாங்க" என்றேன். 2016இல் காலிமுகத்திடல் விழாவில் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது என்றேன். திரும்பவும் சொல்லச் சொன்னார்.

பாட்டனார் சமாதியை ஒருமுறை காணவேண்டுமென்பது அவர் ஆசை. இந்தியப் பிரஜைக்கு இலங்கை வர அனுமதி வேண்டுமல்லவா? புறப்படுமுன் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று கேட்டேன். "ரம்புக்கனைதான், வேறென்ன?" என்றார்.