விதைநெல் வாசனை

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த எனக்கு ‘ஏல்’ என்பது சாஸரிலும் ஷேக்ஸ்பியரிலும் வரும் ஒரு சொல். பரீட்சைக்குக் ‘கள்’ என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டு கடந்துபோனது. அதன் ருசி முப்பத்தைந்து வயதில், வங்கியில் கணக்கு முடித்துப் போன ஒரு சனிக்கிழமை மாலை, பூம்புகாரில் நண்பன் வீட்டு மாடியில்தான் கிடைத்தது. பெல்ஜியத்திலிருந்து அவன் கொண்டுவந்திருந்த ஷிமே நீலம். ஸ்கூர்மோன் மடத்துத் துறவிகளுடைய சரக்கு. 9 சதவீதம் ஆல்கஹால். கீழே குப்பத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

நான் குடிக்காதவன். கொள்கை அல்ல, அப்பா. காரைக்கால் சாராயக் கடையில் நின்றபடியே ஒரே மடக்கில் விழுங்கி, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொள்வார். அதில் ருசி என்று ஒன்று இருக்கலாம் என எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

நண்பன் மெதுவாக ஊற்றினான். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிப்பது. அடியில் ஈஸ்ட் வண்டல், கலக்காதே என்றான். கறுத்த பழுப்பு. முதலில் கிராம்பு, பேரீச்சை (இரண்டும் போடுவதில்லை, ஈஸ்ட்டின் வேலைதான்). பிறகு பாகு முறுகும் இனிப்பு. அதற்கும் அடியில் எனக்குத் தெரிந்த ஒன்று: முளைகட்டிய விதைநெல். ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைக்கோல் மூடிய மூட்டைக்குள் அப்பா கைவிட்டுச் சூடு பார்ப்பார். அந்தக் கையின் வாசனை. மால்ட் என்பது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லிதானே.

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டுக் கள்ளின் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் பிழிந்து, சுட்ட மீனோடு. புகாரைப் பாடிய பட்டினப்பாலையும் இதே உருத்திரங்கண்ணனாருடையது என்றெல்லாம் நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். முளை என்ற இடத்தில் நின்றதில்லை. குடியைப் பற்றி நம்மிடம் இரண்டே பேச்சு: ஒன்று ஒழுக்கம், மற்றது சங்ககாலப் பெருமை. இரண்டிலும் நாக்கு இல்லை. நம் விமர்சனமும் கவிதையை ஒரே மடக்கில் விழுங்கி வாயைத் துடைத்துக்கொள்வதாகவே எனக்குப் படுகிறது, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

திரும்பும்போது பெட்டிக்கடையில் பாக்கு வாங்கி மென்றேன். கதவைத் திறந்த அம்மா ஒரு கணம் அப்படியே நின்றாள். அவள் மூக்குக்கு அது ஒரே வாசனைதான். விதைநெல் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? தட்டை வைத்து, சோற்றைப் போட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாள்.