தண்டவாளம் இல்லாத ஊரில் ஓர் ஆங்கில வகுப்பு

இரயில்வே குமாஸ்தாவுக்கு விடுமுறை கிடைத்தால், பாஸ் செல்லுபடியாகும் ஊருக்குப் புறப்படுவதே உலக வழக்கம். நாமோ இம்முறை பாஸ் செல்லாத ஊருக்குப் போய் வந்தோம். 1,072 மீட்டர் நீளமுள்ள கரக்பூர் நடைமேடையில் நாள்தோறும் நடந்து பழகிய கால்கள், பயணிகள் இரயில் என்பதே இல்லாத அந்தமானில் பன்னிரண்டு நாட்கள் உலவின. அங்கே டாலிகஞ்ச் என்னும் ஊரில் நம் தங்கை குடியிருக்கிறாள். அவளையும் குழந்தைகளையும் கண்டு வரவே சென்றோம். சென்ற இடத்தில் நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை, பிறந்த மண்ணை விட்டு வாழும் நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கொல்கத்தாவில் கப்பலேறி, நான்காம் நாள் போர்ட் பிளேரில் இறங்கினோம். 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் மக்கள் வாயில் பழைய பெயரும் இன்னும் நின்று நிலவுகிறது. துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் சென்றால், விமான நிலையத்தை அடுத்து டாலிகஞ்ச் வந்துவிடும். மேடும் பள்ளமுமான சாலை; தகரக் கூரை வேய்ந்த வீடுகள்; அவற்றைச் சுற்றித் தென்னையும் பாக்கும். மழை பிடித்துக்கொண்டால் தகரத்தின் ஓசையில் பேச்சு கேட்பதில்லை.

சந்திப்பில் உள்ள தேநீர்க் கடையில் கால் மணி நேரம் அமர்ந்தால் இந்தியாவையே கேட்டுவிடலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்வோர் 3,80,581 பேர். தாய்மொழி வகையில் வங்காளிகள் முதலிடமும், இந்திக்காரர்கள் இரண்டாமிடமும் பெற, நம் தமிழர் மூன்றாமிடத்தில் இருக்கின்றனர். தெலுங்கரும் நிக்கோபாரியரும் மலையாளிகளும் அடுத்து வருகின்றனர். எல்லோருக்கும் பொதுவாகப் புழங்குவது இந்தி.

திண்ணையில் ஒரு வகுப்பு

நம் மைத்துனர் ஆசிரியர். மாலை ஆறு மணிக்குத் தம் வீட்டுத் திண்ணையிலேயே ஆங்கில வகுப்பு ஒன்று நடத்துகிறார். டாலிகஞ்சில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருப்பதால் வெளித் தீவுகளிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் இளைஞர்களும், அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியரும் வருகின்றனர். பதினான்கு பேர், ஆறு தாய்மொழிகள். நாம் ஒரு மூலையில் பாய் விரித்து அமர்ந்து வேடிக்கை பார்த்தோம்.

முதல் நாளே ஒன்று புலப்பட்டது. பாடம் ஒன்றுதான், அதனிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஒன்றன்று.

வங்காளிச் சிறுமி ஒருத்தி இலக்கண விதி ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு வாதாடினாள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து, 1949 முதற்கொண்டு இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுள் ஒன்று அவளுடையது. இழந்த நிலத்துக்கு ஈடாக அவ்வீட்டார் நம்பியிருப்பது படிப்பையும் அரசாங்க உத்தியோகத்தையும். ஆகவே வீட்டுப்பாடம் குறைந்தால் அவள் தந்தையே வந்து கேட்பாராம்.

அவளுக்கு அடுத்து அமர்ந்திருந்த வாலிபனை ராஞ்சிக்காரன் என்கின்றனர். காடு திருத்த 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தவன். அவனுக்கு இலக்கணப் புத்தகமே வேண்டாம். சுற்றுலாப் படகில் வேலை செய்கிறான். "நாளைக் காலையில் வெள்ளைக்காரரிடம் சொல்ல இன்றைக்கு நான்கு வாக்கியம் கொடுங்கள்" என்பதே அவன் விண்ணப்பம்.

நிக்கோபாரி மாணவர் மூவர் எப்பொழுதும் சேர்ந்தே அமர்ந்தனர். ஒருவனைக் கேட்டால் மற்ற இருவரையும் கலந்துகொண்டே விடை சொன்னான். கார் நிக்கோபார் மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. ஆகையால் ஆங்கில எழுத்து அவர்களுக்கு அந்நியமன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் ஆங்கிலத்தில் ஏன் இத்தனை பகை என்பதே அவர்கள் வியப்பு. இங்கே நம்மவர் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. கார் நிக்கோபாரில் மூஸ் என்னும் ஊரில் நூறாண்டுகளுக்கு முன்பே பள்ளி நடத்தியவர் வேதப்பன் சாலமன் என்ற தமிழர். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். 1952இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார்.

மாயாபந்தர் பக்கத்துக் கரேன் பெண் ஒருத்தியும் இருந்தாள். 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் அவர்கள். "புரிந்ததா?" என்று கேட்டபொழுதெல்லாம் அவள் தலையசைத்தாள். புரியவில்லை என்று சொல்வது ஆசிரியரைக் குறை கூறுவதாகும் என்று அவள் எண்ணியதை, மைத்துனர் பல மாதங்கள் கழித்தே உணர்ந்தாராம்.

நம் தமிழ்ப் பிள்ளைகளோ வினாவும் விடையும் எழுதிப் போடச் சொன்னார்கள். பரீட்சைக்கு வருமா, வராதா என்பதே அவர்கள் முதற் கேள்வி. வாய் திறந்து பேசச் சொன்னால் தரையைப் பார்த்தார்கள். அப்பிள்ளைகளில் ஒருவன் தங்கையின் மகன்; ஏழாம் வகுப்பில் படிப்பவன்.

நாம் செய்த பிழை

இரண்டாம் நாள் அவன் தானாகவே எழுந்து நின்றான். "யெஸ்டர்டே ஐ கோ டு ஜெட்டி" என்று தொடங்கினான். நாம் சும்மா இருந்திருக்கலாம். "கோ இல்லையடா, வென்ட்! ஏழாம் வகுப்புப் பையனுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று பாயிலிருந்தே குரல் கொடுத்தோம். பிள்ளைகள் சிரித்தனர். அவன் அமர்ந்துவிட்டான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வயிற்றுவலி என்று சொல்லி உள்ளேயே படுத்துக்கொண்டான்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் மைத்துனர் மெல்லப் பேச்செடுத்தார்.

"மச்சான், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?"

"சொல்லுங்கள் மாப்பிள்ளை."

"நீங்கள் திருத்திய சொல் சரிதான். ஆனால் ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் நான் கேளாமலே எழுந்தான். அந்த வாக்கியத்தின் முடிவில் என்ன சொல்ல நினைத்தானோ, இனி நமக்குத் தெரியப்போவதில்லை."

அவ்வார்த்தை நம்மைச் சுட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன், பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வில் ஓர் அதிகாரி நம்மை ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். விடை தெரியும். வினைச்சொல்லின் காலம் பிழைத்துவிடுமோ என்ற அச்சத்தில் நா எழவில்லை. பதவி மற்றொருவருக்குப் போயிற்று. மெட்ரிகுலேஷன் படித்த நாளில் ஒரு வாத்தியார் பிழைக்கொரு பிரம்படி தந்து நமக்குள் ஊன்றிய அச்சம் அது. அதையே நாம் மருமகனுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டோம்.

"ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு குணம் என்று எழுதிவிடாதீர்கள் மச்சான்" என்றார் மைத்துனர். "அடுத்த வீட்டு வங்காளிப் பையன் வாயே திறக்க மாட்டான். ஆங்கிலம் அந்தந்த வீட்டுக்கு எதைக் கொடுத்தது, எதை மறுத்தது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை எதிர்பார்க்கிறது. அதை முதலில் கேட்டறிந்தால் பாதிப் பாடம் முடிந்தது."

உலகெங்கும் இதுவே

எண்ணிப் பார்த்தால் இது டாலிகஞ்சுக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஜப்பானிய அரசு 1987இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் வெளிநாட்டு இளைஞர்கள், கேள்வி கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது என்று முதலில் திகைக்கின்றனர். பலர்முன் பிழை செய்ய அங்குள்ள பிள்ளைகள் கூசுகின்றனர் என்பதும், எழுத்துத் தேர்வே அவர்கள் கண்முன் நிற்கிறது என்பதும் பிறகே விளங்குகின்றன. யாழ்ப்பாணத்துத் தமிழர் ஆங்கிலம் படித்து மலாயா இரயில்வேயில் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்த காலத்தில், அவர்கள் வீடுகளில் ஆங்கிலம் என்றால் உத்தியோகம் என்றே பொருள். நம் வீடுகளில் இன்றும் பெரும்பாலும் அப்பொருளே நிலவுகிறது. அதனால்தான் நாம் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், பேச்சைக் கேட்பதில்லை.

ஐந்தாம் நாள் மாலை, மைத்துனரின் அனுமதியோடு நாமே எழுந்து நின்று, நம் நேர்முகத் தேர்வுக் கதையை ஆங்கிலத்தில் சொன்னோம். இடறி இடறித்தான் சொன்னோம். வங்காளிச் சிறுமி இரண்டு இடத்தில் திருத்தினாள். எல்லோரும் சிரித்தனர்; நாமும் சிரித்தோம். கதவோரத்தில் மருமகன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கும் அவன் வகுப்பில் வந்து அமரவில்லை.

புறப்படும் நாளன்று கப்பல் துறைவரை நம் பெட்டியைத் தூக்கி வந்தவன் அவனே. நாம் படியேறும் தருணத்தில், "மாமா, யூ வில் கம் நெக்ஸ்ட் இயர்?" என்றான். வினா வாக்கியத்தின் சொல்லடுக்கு முறைப்படி இல்லை. நாம் அதைத் திருத்தவில்லை. "யெஸ், ஐ வில் கம்" என்றோம். அவன் முகம் மலர்ந்தது.

கரக்பூர் திரும்பியதும், ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பத்து வயது மகளை அருகில் அழைத்தோம். இத்தனை ஆண்டுகளில் கேளாத கேள்வியைக் கேட்டோம்: "ஆங்கிலம் படித்து நீ என்னம்மா செய்ய விரும்புகிறாய்?" சற்று யோசித்தாள். "எதிர்வீட்டுத் தோழிக்குக் கதை சொல்ல வேண்டும், ஆனால் பாட்டிக்குக் கடிதம் எழுதத்தான் எனக்குத் தமிழ் வரவில்லையே அப்பா" என்றாள்.

அன்று முதல் நம் வீட்டில் இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் தமிழ் எழுதுகிறோம். அவள் பிழை செய்கிறாள். வாக்கியம் முடியும்வரை நாம் காத்திருக்கிறோம்.