சென்னைக்குள் எவ்வளவு தூரம் ரயிலில் போகலாம்?

ஊர் எல்லையைத் தாண்டாமல், சென்னைக்குள்ளேயே மிக நீளமான ரயில் பயணம் எது? யாரைக் கேட்டாலும் பட்டென்று வரும் பதில்: பீச் டு செங்கல்பட்டு, 60 கிலோமீட்டர். செல்லாது மக்களே! செங்கல்பட்டு 2019 முதல் தனி மாவட்டம். சரி, தாம்பரம்? அது 2021 முதல் தனி மாநகராட்சி. ஆக, தாம்பரம் லோக்கலே மீனம்பாக்கம் தாண்டியதும் வெளியூர் வண்டி ஆகிவிடுகிறது. பல்லாவரத்துக்காரர்கள் மன்னிக்கவும் :-)

இந்த எல்லையும் ரப்பர் மாதிரிதான். 2011-ல் 174 சதுர கிலோமீட்டர் மாநகராட்சி 426 ஆனது. எண்ணூர், திருவொற்றியூர், அம்பத்தூர் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன.

வண்டி மாறாமல் போவதென்றால் மெட்ரோ இருக்கிறது. விம்கோ நகர் பணிமனையிலிருந்து விமான நிலையம், 32 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

மாறி ஏறலாம் என்றால்தான் சுவாரசியம். விதி ஒன்றே ஒன்று: எந்த ஸ்டேஷனையும் இரண்டு தடவை தொடக்கூடாது. எண்ணூரில் ஏறி பீச். அங்கே தாம்பரம் லோக்கல் பிடித்து பரங்கிமலை. அங்கிருந்து மெட்ரோவில் வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் என்று சுற்றி சென்ட்ரல், அது மட்டுமே 22 கிலோமீட்டர். பிறகு வெளியே வந்து மூர் மார்க்கெட்டில் திருவள்ளூர் லோக்கல் ஏறி அம்பத்தூர். (எழும்பூர் இரண்டு முறை வருகிறதே என்று கிளம்பாதீர்கள். தரைமேல் இருப்பது வேறு ஸ்டேஷன், பூமிக்கடியில் இருப்பது வேறு!) பஸ்ஸில் போனால் எண்ணூருக்கும் அம்பத்தூருக்கும் இவ்வளவு தூரமே கிடையாது.

காமர்ஸ் மூளை அடுத்து காசைத்தான் கணக்குப் போடும். மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பீச்-தாம்பரம் லோக்கலில் 29 கிலோமீட்டருக்கு 10 ரூபாய், அதாவது 35 பைசாகூட இல்லை. மெட்ரோ விமான நிலையத்துக்கு 2016-லேயே வந்தது, விம்கோ நகருக்கு 2021-ல்தான். எண்ணூர்க்காரருக்கு இன்றும் கும்மிடிப்பூண்டி லோக்கல்தான் கதி.

எண்ணூரிலிருந்து வேளச்சேரிக்கு வேலைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் விளையாட்டு இல்லை. பீச்சில் இறங்கி பறக்கும் ரயில் பிடித்தால் ஒரே மாற்றம், முடிந்தது வேலை. ஆனால் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. பதினான்கு மாதம், பீச்சிலிருந்து அங்கே எப்படியாவது போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருடைய இரண்டாவது ரயில்.